பாரமீசியத்துக்குள் பச்சை உருண்டைகள்: சாப்பிட்டதா, குடியிருப்பதா?

ஈசூன்_தாழ்வாரம் எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

வீட்டு வாசல் தாழ்வாரத்தில் ஒரு மண்சட்டியில் ஆகாயத்தாமரை வைத்திருக்கிறேன், கொசுப்புழு வராமல் இருக்க உள்ளே நாலைந்து கப்பி மீன் உண்டு. மகள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள், அவள் பாடத்துக்கு உதவும் என்று டிசம்பர் விடுமுறையில் 90 வெள்ளிக்குப் பழைய நுண்ணோக்கி ஒன்று வாங்கினேன். 4, 10, 40 லென்ஸ்கள் நன்றாக இருக்கின்றன, எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 லென்ஸும் இருக்கிறது, அதை இன்னும் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகாயத்தாமரையின் வேரைக் கிள்ளி ஒரு சொட்டு நீரில் பிழிந்து வைத்துப் பார்த்தோம். செருப்பு வடிவத்தில், உடம்பு முழுக்கப் பச்சை உருண்டைகளை அடைத்துக்கொண்டு, உருண்டு உருண்டு நீந்துகிற ஒன்று வந்தது. அன்றைக்கு மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான்.

பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிர் என்று படத்தை வைத்துக் கண்டுபிடித்தோம். முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் நட்சத்திரம் மாதிரி ஒன்று விரிந்து சுருங்குகிறது, அது நீரை வெளியேற்றும் குமிழ் என்று மகளே சொன்னாள். ஆனால் பாடப்புத்தகத்துப் பாரமீசியத்தில் இந்தப் பச்சை இல்லை. 40 லென்ஸில் பார்க்கும்போது, தெரிகிற வட்டத்தின் அகலத்தில் கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். உள்ளே இருக்கும் உருண்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, எண்ண முடியவில்லை, சில நூறு இருக்கும்.

என் கேள்விகள் மூன்று. முதலாவது, இந்தப் பச்சை அது தின்ற பாசியா, இல்லை உள்ளேயே உயிரோடு வாழ்கிற பாசியா? தின்றதாக இருந்தால் செரித்துப் போகும் என்று நினைத்து ஒரு ஜாம் பாட்டிலை மூன்று நாள் அலமாரிக்குள் இருட்டில் வைத்தேன், வெளியே எடுத்தால் அதே பச்சை. இது போதுமான சோதனையா?

இரண்டாவது, ஜன்னலோரம் வைத்திருந்த இன்னொரு பாட்டிலில் நீர் குறைந்ததால், ஒரு ராத்திரி திறந்து வைத்த குழாய் நீரை ஊற்றினேன். மறுநாள் காலையில் ஒன்றுகூட நீந்தவில்லை. மகள் அழாத குறை. என்ன தப்பு செய்தேன்?

மூன்றாவது, அதே சட்டியில் பச்சை இல்லாத, இதைவிடப் பெரிய பாரமீசியமும் இருக்கிறது, 40 லென்ஸில் பாதி வட்டம் வரும். அதில் ஒன்றின் நடுவிலிருந்த பெரிய உட்கருவுக்குள் ஊசிகளைக் கட்டி வைத்த மாதிரி ஏதோ தெரிந்தது. மற்றவற்றில் அப்படி இல்லை. நோயா?

மீன்தொட்டி_அக்கா எழுதியது:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், மற்றதை வாத்தியார் வந்து சொல்வார்.

நம் சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரின் தனியாக இல்லை, அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமீனாக இருக்கிறது. வெறும் குளோரின் என்றால் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் பறந்துவிடும். குளோரமீன் அப்படிப் போகாது, நாள் கணக்கில் நிற்கும். ஊரிலிருந்து வந்தவர்கள், பழைய மீன் வளர்ப்புப் புத்தகம் படித்தவர்கள் எல்லாரும் இதில் ஒரு முறையாவது மாட்டுகிறார்கள். மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்து மீனுக்குச் சரி, ஆனால் ஒற்றைச் செல் உயிருக்கு ஊற்றும்போது நான் அதையும் நம்புவதில்லை. கடையில் மினரல் வாட்டர் பாட்டில் வாங்குங்கள், அதிலும் கால்சியம் மெக்னீசியம் எவ்வளவு என்று அச்சிட்ட ஊற்று நீராகப் பார்த்து. காய்ச்சி வடித்த நீர் வேண்டவே வேண்டாம், உப்பே இல்லாத நீரில் அதுகளுக்குள் தண்ணீர் வேகமாகப் புகுந்து அந்த நட்சத்திரக் குமிழ் ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்கும். ஊற்றும்போதும் ஒரேயடியாக இல்லை, பாட்டிலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு, அடுத்த நாள் இன்னும் ஒரு பங்கு.

உணவுக்கு ஒரே ஒரு அரிசி போதும். அரிசியில் பாக்டீரியா வளரும், அதைத்தான் இதுகள் தின்னும். இரண்டு மூன்று போட்டால் நம் வெக்கைக்கு மூன்றே நாளில் நாறி, நீரில் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும்.

அப்புறம் முக்கியமான விஷயம், ஜாம் பாட்டிலில் கப்பி இல்லை அல்லவா? ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு அகல நீர் போதும், முட்டையிலிருந்து கொசுவாக ஏழு நாள்தான். வாயில் நெருக்கமான வலைத்துணியைக் கட்டி ரப்பர் பேண்ட் போடுங்கள், அல்லது மூடியைத் தளர்வாக வைத்து மூடுங்கள். என் தங்கை மகனுக்குப் போன வருடம் டெங்கு வந்து ஆறு நாள் மருத்துவமனையில் கிடந்தான், அதனால் இதை யார் வந்தாலும் சொல்லாமல் விடமாட்டேன். நீர் எடுப்பதும் வீட்டுச் சட்டியிலிருந்தே எடுங்கள். இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக் குளங்களிலும் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது, ஒரு பாட்டில் நீர்தானே என்று நினைக்காதீர்கள்.

பச்சை பற்றி ஒன்றே ஒன்று. என் தொட்டிக் கண்ணாடியில் எக்காளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டென்டார் என்ற ஒற்றைச் செல் உயிரைப் பார்த்து, நீலப்பச்சையாக இருக்கிறதே, உள்ளே பாசி வாழ்கிறது என்று இரண்டு வருடம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஸ்டென்டார் செருலியஸ், அந்த நிறம் அதன் சொந்தச் சாயம், பாசியே இல்லை. உள்ளே பாசி வைத்திருக்கும் ஸ்டென்டார் வேறு. நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

குளத்தங்கரை_வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் குறிப்பு நன்றாக இருக்கிறது, முக்கியமாக வட்டத்தில் எத்தனை பங்கு என்று எழுதியது. கண் வைக்கும் லென்ஸில் 18 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், பழைய பள்ளி நுண்ணோக்கிகளில் பெரும்பாலும் அதுதான். 18ஐ 40ஆல் வகுத்தால் 0.45 மில்லிமீட்டர், அதாவது 40 லென்ஸில் நீங்கள் பார்க்கும் வட்டம் 450 மைக்ரான். கால் பங்குக்குக் கொஞ்சம் கூடுதல் என்றால் 120 மைக்ரான் சொச்சம். பாதி என்றால் 225. சின்னது, பச்சை, செருப்பு வடிவம், இரண்டு நட்சத்திரம்: பாரமீசியம் பர்சேரியா. பெரியது, நிறமில்லாதது பெரும்பாலும் பாரமீசியம் காடேட்டம். பர்சேரியாவை 1831லேயே ஏரன்பெர்க் என்ற ஆய்வாளர் விவரித்துவிட்டார், அப்போது வேறு பெயரில்.

உள்ளே இருப்பது உயிருள்ள பாசிதான் என்று பந்தயம் கட்டத் தயார், ஆனால் நான் சொல்லி நீங்கள் நம்பினால் என்ன பயன்? நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். என் அனுபவத்தில் இதற்கு ஒரே வழிதான், ஒரே ஒரு உயிரைப் பிடித்து அரை மணி நேரம் கண்ணை எடுக்காமல் பார்ப்பது. பத்து ஸ்லைடில் நூறு பாரமீசியத்தை ஓடவிட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது.

முதலில் அதை நிறுத்தணும். கவர் ஸ்லிப் என்ற மெல்லிய மூடு கண்ணாடியின் நாலு மூலையிலும் வாசலினைக் கடுகளவு தொட்டு வையுங்கள். சொட்டின் மேல் மெதுவாக இறக்கி, மூலைகளைக் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்குங்கள், அல்லது ஓரத்தில் டிஷ்யூ வைத்து நீரை உறிஞ்சுங்கள். இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டு சுற்ற முடியாமல் நிற்கும், ஆனால் நட்சத்திரம் இன்னும் துடித்துக்கொண்டிருக்கணும். துடிப்பு நின்று குமிழ் ஊதிக்கொண்டே போனால் அமுக்கம் அதிகம், உடனே ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். விளக்கைக் குறைத்து, கீழே இருக்கும் துவாரத்தையும் பாதி மூடுங்கள், அப்போதுதான் உருண்டைகளின் விளிம்பு தெரியும்.

இப்போது என்ன பார்க்கணும் என்றால், தின்ற பாசி ஒரு பையில் கும்பலாக இருக்கும். உணவுக் குமிழ் என்பது தொண்டைக்குள்ளே பாக்டீரியா, பாசி, தூசி எல்லாவற்றையும் சேர்த்து மூட்டை கட்டி அனுப்புவது, அதனால் குமிழ்கள் பெரியதும் சின்னதுமாக இருக்கும், உள்ளே இருப்பது நேரம் ஆக ஆக வாடிய இலை மாதிரி பழுப்புப் பச்சையாகும். குடியிருக்கும் பாசியோ ஒவ்வொன்றும் தனித்தனியாக, தனக்கென்று ஒரு மெல்லிய சவ்வுப் பைக்குள் இருக்கும். எல்லாம் 5 மைக்ரானுக்கு அக்கம் பக்கம், எல்லாம் ஒரே பளிச்சென்ற பச்சை, பெரும்பாலும் தோலுக்கு அடியில் நெருக்கமாக. அசைகிறதா இல்லையா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பர்சேரியாவின் உடம்புக்குள் திரவம் சுழலும், அந்த ஓட்டத்தில் குடியிருக்கும் பாசியும் சில சமயம் சேர்ந்து சுற்றும். இதில் பலபேர் ஏமாந்து, பார் சாப்பாடு வயிற்றில் சுற்றுகிறது என்பார்கள்.

சந்தேகமே இல்லாமல் பிரித்துக்காட்ட ஒரு சோதனை: சீன எழுத்துக்கலைக்கு உரைக்கும் கட்டி மை வாங்குங்கள், எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும். பாட்டில் மையில் பதப்படுத்தும் மருந்து கலந்திருக்கலாம், வேண்டாம். மினரல் வாட்டரில் கொஞ்சம் உரைத்து, வெளிர் சாம்பல் நிறம் வரும்வரை நீர்க்கச் செய்து, ஒரு துளியைப் பாரமீசியம் இருக்கும் சொட்டில் சேருங்கள். மை வெறும் கரித்தூள், அதற்கு நல்லது கெட்டது தெரியாது, தின்றுவிடும். அப்போது எது உணவுக் குமிழ், எது இல்லை என்று கறுப்பும் பச்சையுமாகப் பிரிந்து நிற்கும்.

இன்னொன்று பாட்டிலுக்கே செய்யலாம். பாட்டிலைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் ஒட்டி ஒரு இடத்தில் மட்டும் விரல் அகலத்துக்குக் கீறி விடுங்கள். நேர் வெயில் படாத ஜன்னலில் ஓரிரண்டு மணி நேரம். பச்சைப் பாரமீசியம் வெளிச்சத்துக்கு வந்து கூடும். பாசி இல்லாதவற்றுக்கு அந்த அவசரம் இல்லை.

மூன்று நாள் இருட்டு போதாது. இருட்டில் பாசி பெருகாது, பாரமீசியம் மட்டும் பாக்டீரியா தின்று பிரிந்து பிரிந்து போகும், ஒவ்வொரு பிரிவிலும் பாசி பங்கு போடப்பட்டுக் குறையும், சிலவற்றை அது செரித்தும் விடும். ஆனால் வெளுத்துப் போக வாரக்கணக்கு ஆகும். தின்ற பாசியாக இருந்திருந்தால் மூன்று நாள் என்ன, ஒரே நாளில் பழுப்பாகியிருக்கும். ஆக உங்கள் சோதனையும் ஒரு பதில் சொல்லியிருக்கிறது, நீங்கள்தான் அதைத் தோல்வி என்று நினைத்துவிட்டீர்கள்.

இந்தப் பாசி மால்டோஸ் என்ற சர்க்கரையைச் செய்து வெளியே விடுகிறது, பாரமீசியம் அதை எடுத்துக்கொள்கிறது. பதிலுக்குப் பாசிக்குக் கரியமில வாயுவும் நைட்ரஜன் சத்தும் கிடைக்கிறது, வெளிச்சம் இருக்கும் இடத்துக்குச் சவாரியும் கிடைக்கிறது. இன்னொரு லாபம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தப் பாசியைத் தாக்க ஒரு வைரஸ் வகையே இருக்கிறது, குளோரோவைரஸ் என்பார்கள், 1980களின் தொடக்கத்திலிருந்து ஆராய்கிறார்கள். நீரில் எவ்வளவு வைரஸ் இருந்தாலும் பாரமீசியத்துக்குள் இருக்கும்வரை பாசியைத் தொட முடியாது. வெளியே விழுந்தால் முடிந்தது. உங்கள் சட்டியில் வெட்டி வெட்டி நீந்தும் சைக்ளோப்ஸ் இருக்குமே, அந்த இனத்து உயிர்கள் பாரமீசியத்தைத் தின்று கழிக்கும்போது பாசி வெளியே வந்து வைரஸ் பெருகுகிறது என்று 2016இல் ஒரு ஆய்வு காட்டியது. ஒரு மண்சட்டிக்குள் இவ்வளவும் நடக்கிறது.

பாசியின் பெயரை மட்டும் கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். பழைய புத்தகங்கள் எல்லாவற்றையும் குளோரெல்லா என்று எழுதிவிடும். மரபணு பார்த்தபிறகு குளோரெல்லா வேரியபிலிஸ், மைக்ராக்டினியம் கண்டக்ட்ரிக்ஸ் என்று குறைந்தது இரண்டு வேறு பாசி இருப்பது தெரிந்தது, நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே உருண்டைதான்.

மூன்றாவது கேள்விக்கு இப்போது பதில் சொல்லமாட்டேன். அந்த உயிரைத் திரும்பப் பிடியுங்கள், ஊசிகள் உட்கருவுக்குள்தான் இருக்கின்றனவா, மேலே தோலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தோலுக்கு அடியில் டிரைக்கோசிஸ்ட் என்ற குச்சிகள் வரிசையாக இருக்கும், 3 அல்லது 4 மைக்ரான், அவை எல்லாப் பாரமீசியத்திலும் உண்டு. ஃபோகஸை மேலிருந்து கீழே மெதுவாக இறக்கினால் எது எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஈசூன்_தாழ்வாரம் எழுதியது (ஆறு நாள் கழித்து):

ஐயா, பார்த்துவிட்டோம். அப்படியே எழுதுகிறேன்.

கண் லென்ஸில் 18தான் எழுதியிருக்கிறது. கட்டி மை கிடைத்தது, மகள் அதன் கல்லில் உரைத்தாள். முதல் இரண்டு உயிர்களை அமுக்கி வெடிக்க வைத்துவிட்டேன், வெடித்தபோது பச்சை உருண்டைகள் வெளியே சிதறி அப்படியே உருண்டையாகவே நின்றன, எதுவும் கரையவில்லை. மூன்றாவது சரியாக மாட்டியது. இரவு 9:10க்குத் தொடங்கி 9:50 வரை பார்த்தோம், நான் ஐந்து நிமிடம், அவள் ஐந்து நிமிடம் என்று மாறி மாறி.

வாய்ப்பள்ளத்தின் அடியில் முதலில் சாம்பல் நிறமாக ஒரு பொட்டு வந்தது. குறு இழைகள் துடிக்கத் துடிக்க அந்தப் பொட்டுக்குள் கரித்தூள் இறங்கிக்கொண்டே இருந்தது, பொட்டு ஊதி, திடீரென்று கழன்று பின்பக்கமாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் அடுத்தது. 9:35 ஆனபோது பதினொரு கறுப்புக் குமிழ்கள் எண்ணினோம், பச்சை உருண்டைகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போயின, ஒவ்வொன்றும் பச்சையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரியது. ஒரு பச்சை உருண்டைக்குள்ளும் கறுப்பு இல்லை. ஒரு கறுப்புக் குமிழுக்குள் மட்டும் பச்சையாக ஒன்று மாட்டியிருந்தது, அது வெளியே நீரில் மிதந்த பாசியைத் தின்றது என்று நினைக்கிறேன், கடைசியில் அதன் நிறம் மங்கி மற்ற பச்சையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தனியாகத் தெரிந்தது. அந்த ஒன்றைப் பார்த்தபிறகுதான் நீங்கள் சொன்ன வாடிய இலை நிறம் புரிந்தது.

மறுநாள் தைரியம் வந்து எண்ணெய் லென்ஸையும் போட்டேன். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் பச்சை முழுதாக இல்லை, ஒரு பக்கம் திறந்த கிண்ணம் மாதிரி இருக்கிறது. ஓரத்தில் ஒரு உருண்டை மட்டும் மற்றதைவிடப் பெரியது, உள்ளே நாலு சின்ன உருண்டைகள் மங்குஸ்தான் சுளை மாதிரி ஒட்டி இருந்தன. அது என்ன ஐயா?

கறுப்புக் காகிதச் சோதனையும் செய்தோம். மாலை 4 மணிக்கு வைத்து 6 மணிக்குக் காகிதத்தைப் பிரித்தபோது, கீறலுக்கு நேராகக் கண்ணாடியில் பச்சைக் கோடு ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. என் மனைவி இதுவரை நுண்ணோக்கிப் பக்கமே வராதவர், அதைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஊசி உட்கருவுள்ள காடேட்டம் திரும்பக் கிடைத்தது, நாற்பதில் மூன்று அப்படி. தோலில் இல்லை, நடுவில்தான். உட்கரு மற்றவற்றில் இருப்பதைவிட வீங்கியிருக்கிறது. ஊசிகள் ஒன்றுக்கொன்று இணையாக, வைக்கோல் கட்டு மாதிரி. நீளம் 15 மைக்ரான் இருக்கலாம்.

கிளமெண்டி_மாணவி எழுதியது:

அண்ணா, நாற்பதில் மூன்று என்று எண்ணி எழுதியதற்கே நன்றி! நீங்கள் சொல்வது ஹோலோஸ்போரா மாதிரி இருக்கிறது. காடேட்டத்தின் பெரிய உட்கருவுக்குள் வாழும் பாக்டீரியா, ஹோலோஸ்போரா ஒப்டூசா என்று பெயர். சின்ன உட்கருவுக்குள் மட்டும் போகிற வகையும் தனியாக உண்டு. இதற்கு இரண்டு உருவம்: குட்டையாக இருப்பது உள்ளேயே பிரிந்து பெருகும், 10 முதல் 20 மைக்ரான் வரை நீண்ட குச்சியாக இருப்பது அடுத்த பாரமீசியத்தைத் தொற்றும். நீங்கள் வைக்கோல் கட்டு என்றது இந்த நீண்ட குச்சிகளாக இருக்கலாம். சாயம் போட்டுப் பார்க்கும்வரை நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.

இதை முதன்முதலில் 1890இல் விவரித்தவர் ஹாஃப்கின். ஆமாம், அவரேதான், பிறகு இந்தியாவுக்கு வந்து காலரா தடுப்பூசி போட்டவர், 1897இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசி செய்தவர், மும்பையில் அவர் பெயரில் நிலையமே இருக்கிறது. தடுப்பூசிக்கு முன்னால் அவர் பாரமீசியத்தின் நோய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

உங்கள் இரண்டு பாரமீசியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹோலோஸ்போரா எப்படி உள்ளே வருகிறது? சாப்பாடாக. பாக்டீரியாவோடு பாக்டீரியாவாக விழுங்கப்பட்டு, உணவுக் குமிழ் புளிக்கத் தொடங்கும் நேரத்தில் அதிலிருந்து தப்பித்து உட்கருவுக்குப் போகிறது. பர்சேரியாவின் பாசியும் முதல் முறை சாப்பாடாகத்தான் வந்தது! வெளுத்த பர்சேரியாவுக்குப் பாசியைக் கொடுத்தால், விழுங்கிய அரை மணி நேரத்தில் உணவுக் குமிழிலிருந்து சில பாசிகள் மட்டும் மொட்டு விட்ட மாதிரி தனிப் பைகளாகப் பிரிந்து, தோலுக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன, மீதியெல்லாம் செரித்துவிடும். ஒரே வாய், ஒரே குமிழ். ஒன்று சர்க்கரை தருகிறது, இன்னொன்று உட்கருவையே பிடித்துக்கொள்கிறது. பாரமீசியம் பிரியும்போது ஹோலோஸ்போராவின் நீண்ட குச்சிகள் நடு இடுப்பில் கூடி, பிறகு சின்னப் பையாக வெளியே தள்ளப்படும், அங்கிருந்து அடுத்த வாய்க்கு. அந்தப் பிரிவு உங்களுக்குக் கிடைத்தால் தயவு செய்து படம் எடுங்கள், கைப்பேசியைக் கண் லென்ஸில் ஒட்டி எடுத்தாலும் போதும்.

நல்லதா கெட்டதா என்று எல்லாக் குடியிருப்புக்கும் உடனே சொல்லிவிட முடியாது. பாரமீசியம் ஆரேலியா என்ற இன்னொரு வகையில் கப்பா என்று ஒன்றை 1940களில் சோன்பார்ன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார், அது உள்ளே இருக்கும் பாரமீசியம் பக்கத்தில் இருக்கும் மற்ற பாரமீசியத்தைக் கொன்றுவிடும், தனக்கு ஒன்றும் ஆகாது. பிறகுதான் கப்பாவே ஒரு பாக்டீரியா என்று தெரிந்தது, உள்ளே சுருட்டி வைத்த நாடா மாதிரி ஒரு புரதம். யூப்ளோட்டஸ் என்று கால்களால் நடக்கிற மாதிரி ஓடும் சிலியேட்டு (பாரமீசியம் மாதிரி குறு இழை உள்ள ஒற்றைச் செல் உயிர்) ஒன்று உங்கள் வேரிலேயே இருக்கலாம். அதில் சில இனங்களுக்குள் இருக்கும் பாலிநியூக்ளியோபாக்டரை பென்சிலின் கொடுத்துக் கொன்றால், யூப்ளோட்டஸால் அதற்குப்பிறகு பிரியவே முடியாது.

சட்டியின் அடியில் கறுத்த, முட்டை அழுகின வாடை வரும் சேறு இருந்தால் அதையும் ஒரு சொட்டு பாருங்கள். ஆக்ஸிஜன் இல்லாத அந்த இடத்தில் முறுக்கிய உடம்போடு மெட்டோபஸ் என்ற சிலியேட்டு நீந்தும். அது வெளியேற்றும் ஹைட்ரஜனைத் தின்று மீத்தேன் செய்யும் நுண்ணுயிர்கள் அதற்குள் வாழ்கின்றன. ஊதா வெளிச்சம் போடும் நுண்ணோக்கியில் அவை தாமாகவே நீலப்பச்சையாக ஒளிரும். உங்கள் கருவியில் அது தெரியாது, ஆனால் மெட்டோபஸே பார்க்க அவ்வளவு அழகு.

குளத்தங்கரை_வாத்தியார் எழுதியது:

தம்பி, நாலு சுளை என்றீர்களே, அதுதான் இந்த விஷயத்தில் கடைசிச் சாட்சி. இந்தப் பாசி பெருகும்போது ஒரு தாய்ச் செல்லின் சுவருக்குள் நாலு குட்டிகளாகப் பிரியும், பிறகு சுவர் வெடித்து ஒவ்வொன்றும் தனித்தனிப் பைக்குள் போகும். செரிக்கப்படுகிற சாப்பாடு குட்டி போடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கத் தொடங்கியவர் எண்ணெய் லென்ஸில் இதைப் பிடித்துவிட்டீர்கள், என்னிடம் படித்த பிள்ளைகள் பலருக்கு ஒரு வருடத்தில்கூடக் கிடைத்ததில்லை.

உட்கருவுக்கு மெத்தில் கிரீன் சாயத்தை ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் கலந்து ஓரத்தில் ஒரு துளி விடுங்கள், உயிர் இறந்துவிடும், ஆனால் உட்கரு பச்சையாகத் தெளிந்து தெரியும். நோயில்லாத உட்கரு ரவையைக் கொட்டினாற்போல் மணல்மணலாக இருக்கும். நாற்பதில் மூன்றுதான் இருக்கிறது என்பதால் எல்லாவற்றையும் சாயத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றைப் பாருங்கள், இரண்டைத் தனியாக ஒரு குழிக் கண்ணாடியில் மினரல் வாட்டரும் கொஞ்சம் பழைய பாட்டில் நீரும் விட்டு வளர்த்துப் பாருங்கள். காயாமல் இருக்க மூடியுள்ள டப்பாவில் ஈர டிஷ்யூவோடு வையுங்கள்.

மீன்தொட்டி_அக்கா எழுதியது:

தம்பி, சாயத்தைத் தொடும்போது கையுறை, அப்புறம் அது சமையல் மேசை இல்லாத இடமாக இருக்கட்டும். பாட்டிலுக்கு வலை கட்டியாச்சா?

ஈசூன்_தாழ்வாரம் எழுதியது:

கட்டியாச்சு அக்கா, பழைய ஜன்னல் திரைத்துணியை இரண்டாக மடித்து. ஊற்று நீர்தான் ஊற்றுகிறோம், இப்போது நாலு பாட்டிலும் நன்றாக இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு அரிசி.

தங்கச்சி, உங்கள் பதிலை மகளுக்கு வாசித்துக் காட்டினேன், ஹாஃப்கின் பெயரைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நேற்று ராத்திரி அந்த இரண்டில் ஒன்று இடுப்பு ஒடுங்கத் தொடங்கியது, 11:20 வரை பார்த்தோம், நடுவில் குச்சிகள் கூடுவது தெரிந்தது, அப்புறம் ஸ்லைடு காய்ந்துவிட்டது. ஐயா சொன்ன டப்பா முறையில் இன்று திரும்ப முயல்கிறோம். படம் வந்தால் இங்கேயே போடுகிறேன்.

பச்சைப் பர்சேரியா ஒரு பாட்டில் கூடுதலாக இருக்கிறது. ஈசூன் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், எம்ஆர்டி நிலையத்தில் கொண்டுவந்து தருகிறேன். மூடியுள்ள பாட்டில் நீங்களே கொண்டுவாருங்கள், குழாய் நீரில் கழுவினால் கடைசியாக ஊற்று நீரில் ஒரு முறை அலசிவிட்டு.